குளிர்காலத்தில் ஆறு வாரம் வீட்டில் இருக்கமாட்டோம்: ஹாட் டப்பை ஓடவிடுவதா, வடித்துவைப்பதா?

கேள்வி: புதுவீடு

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இந்த ஆண்டு குடிபுகுந்த வீட்டின் பின்புறத்தில், முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,500 லிட்டர் நீர் பிடிக்கும் அக்ரிலிக் தொட்டி. இரண்டு பம்புகளும் 3 கிலோவாட் ஹீட்டரும் உள்ளன. கையேடு எதுவும் கிடைக்கவில்லை. கோடை முழுவதும் தட்டுத்தடுமாறி ஒருவழியாகப் பராமரித்துவிட்டோம். இப்போது குளிர்காலம் நெருங்குகிறது. இங்கே இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அந்தக் கடுங்குளிரின் நடுவில்தான் நாங்கள் ஆறு வாரம் வெளியூரில் இருக்க வேண்டியுள்ளது.

என்னுடைய முதன்மையான கேள்வி, அந்த ஆறு வாரமும் தொட்டியை நிரம்பிய நிலையில் சூடாக ஓடவிட்டுச் செல்வது நல்லதா, அல்லது நீரை வடித்து மூடிவைத்துவிட்டுப் போவது நல்லதா என்பதே. விற்பனை நிலையம் ஒன்றில் விசாரித்தபோது, உறைபனிப் பாதுகாப்பு வசதி தானாகவே இயங்கும், கவலைப்படாமல் சென்று வாருங்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ கட்டாயம் வடித்துவிட வேண்டும் என்கிறார். இருவருமே உறுதியாகச் சொல்வதால் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது.

வேறு சில தொல்லைகளும் உண்டு. மூடி மிகவும் கனமாகிவிட்டது; முன்பு நான் ஒருவனே தூக்கியதை இப்போது இருவர் சேர்ந்து தூக்குகிறோம். நீரின் பி.எச். (அமில-காரத் தன்மை) அளவு எத்தனை முறை குறைத்தாலும் மீண்டும் ஏறிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நீரோட்டம் குறைவு என்று பொருள்படும் எச்சரிக்கை திரையில் தோன்றி ஹீட்டர் நின்றுவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டால் சரியாகிவிடுகிறது என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நீரோட்டம்

வணக்கம் புதுவீடு அவர்களே. நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்த எச்சரிக்கையைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். உங்கள் கேள்விக்கான விடையைத் தீர்மானிப்பதே அதுதான்.

குளிர்காலத்தில் ஒரு ஹாட் டப்பைக் காப்பாற்றுவது ஹீட்டர் அல்ல, நீரின் ஓட்டம். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. மேலே திறந்திருக்கும் பெரிய தொட்டியில் அந்த விரிவுக்கு இடமிருக்கிறது. மேலும், 1,500 லிட்டர் வெந்நீர் ஓர் இரவில் உறைந்துவிடாது. ஆனால், தொட்டியைச் சுற்றி மரப்பெட்டிக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள், பம்பின் முன்பகுதி, ஹீட்டர் குழல், ஜெட்டுகளுக்கு (நீரைப் பீய்ச்சும் வாய்களுக்கு) நீரைப் பிரித்துவிடும் கிளைக்குழாய்கள் ஆகியவற்றில் தேங்கி நிற்கும் நீருக்கு விரிய இடமில்லை. விரிசல் விழுவது அங்கேதான். ஆகவே ஒன்று, நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது குழாய்களில் நீரே இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தொட்டிதான் உடைகிறது.

நீரோட்டம் குறைந்தால் ஹீட்டர் எரிந்துவிடாமல் இருக்கக் கட்டுப்பாட்டுப் பலகை அதை நிறுத்திவிடுகிறது. வீட்டில் நீங்கள் இருக்கும்போது அது சிறு தொல்லை. நீங்கள் இல்லாத வேளையில், பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் அதே எச்சரிக்கை வந்தால் யார் வந்து மின்சாரத்தை நிறுத்திப் போடுவார்கள்? முதலில் ஃபில்டர்களை வெளியே எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பாருங்கள். எச்சரிக்கை மறைந்து நீர் விசையோடு பாய்ந்தால், குற்றவாளி அடைபட்ட ஃபில்டர்தான். மறையாவிட்டால் நீர்மட்டம் ஃபில்டரின் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கிறதா, ஏதேனும் வால்வு பாதி மூடியிருக்கிறதா, பம்பில் காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீரோட்டத்தை உணரும் கருவியே பழுதாகியிருக்கவும் கூடும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்வி. நம்பகமான ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாளாவது வந்து மூடியைத் திறக்காமலே திரையிலுள்ள வெப்பநிலையையும் பம்பின் ஓசையையும் கவனித்துச் செல்ல முடியுமென்றால், எச்சரிக்கைக் கோளாறும் முழுமையாகத் தீர்ந்துவிட்டதென்றால், ஓடவிட்டுச் செல்லலாம். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வடித்துவிடுங்கள். ஒரு வாரப் பயணமாக இருந்தால் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டேன். ஆறு வாரம் நீண்ட காலம்.

ஆனால், வடிப்பது என்பது அடியிலுள்ள குழாயைத் திறந்துவிடுவதோடு முடிவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. வடிப்பதற்கு முந்தைய நாள், குழாய்களின் உட்சுவரில் படிந்த வழவழப்பான படலத்தைக் கரைக்கும் திரவத்தை ஊற்றி எல்லா ஜெட்டுகளையும் ஓடவிடுங்கள். மேலே மிதந்து வரும் அழுக்கைக் கண்டால் இவ்வளவு நாள் இதிலா உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றும். ஈரத்தோடு மாதக்கணக்கில் அந்தப் படலம் உள்ளே இருந்தால், மீண்டும் நிரப்பும்போது துர்நாற்றமும் கிருமியும் அதிலிருந்துதான் வரும். காற்றுக் குமிழிகளுக்கென்று தனி ஊதி இருந்தால், நீர் வடிந்தவுடன் அதை மட்டும் அரை நிமிடம் ஓட்டிக் காற்றுப் பாதையில் நின்ற நீரை வெளியேற்றிவிடுங்கள். பிறகு பிரேக்கரை நிறுத்திவிடுங்கள். நீரில்லாத ஹீட்டருக்கு மின்சாரம் போனால் அது சில நிமிடங்களில் கருகிவிடும் என்பதால் இதில் கவனக்குறைவு கூடாது.

அடுத்து வருவதுதான் உண்மையான வேலை. ஈரத்தையும் உறிஞ்சவல்ல பட்டறை வேக்குவம் ஒன்று தேவைப்படும். தொட்டியின் அடியில் மிஞ்சிய நீரை முதலில் உறிஞ்சிவிட்டு, குழலை ஊதும் பக்கத்துக்கு மாற்றி, ஒவ்வொரு ஜெட்டின் வாயிலும் துணியைச் சுற்றி அடைத்து ஊதுங்கள். மேல் வரிசையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு ஜெட்டில் ஊதினால் வேறொரு ஜெட்டிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டு வரும். அது நின்று வெறும் காற்று மட்டும் வரும்வரை விடாதீர்கள். காற்றைக் கட்டுப்படுத்தும் குமிழ்களை எல்லாம் திறந்துவைத்து, நீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருப்பும் வால்வுகளை நடுநிலையில் நிறுத்துங்கள். அடியிலுள்ள உறிஞ்சு வலைகளையும் ஃபில்டர் குழியையும் மறந்துவிடாதீர்கள்.

பிறகு பக்கப் பலகையைக் கழற்றுங்கள். பம்புகளின் அடியிலுள்ள சிறிய வடிபிளக்கைத் திருகி எடுத்தால் ஒரு குவளை நீராவது ஒழுகும். ஹீட்டரின் இரு முனைகளிலும் பம்புகளின் இரு பக்கங்களிலும் உள்ள யூனியன்களை (குழாய்களை இணைக்கும் திருகு மூட்டுகளை) தளர்த்திவிடுங்கள். அங்கிருந்தும் நீர் வரும். அவற்றை மீண்டும் இறுக்காமல் வசந்தம் வரை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு செய்த பிறகும் தாழ்வான வளைவுகளில் சிறிது நீர் நிற்கக்கூடும் என்பதால் சிலர் உறைதடுப்புத் திரவத்தை ஃபில்டர் குழியிலும் மேல் ஜெட்டுகளிலும் ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றுவதாக இருந்தால் குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் வகையை மட்டுமே பயன்படுத்துங்கள். கார்களுக்கான திரவத்தில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அது நஞ்சு, மனிதருக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும். திரும்பி வந்ததும் ஒருமுறை நீர் நிரப்பி ஓடவிட்டு வடித்த பிறகே குளிப்பதற்காக நிரப்ப வேண்டும்.

பதில்: ஒருமுறைபட்டவன்

நீரோட்டம் அவர்கள் கூறியதில் ஓர் எழுத்தைக்கூட விட்டுவிடாதீர்கள் என்பதற்காக என் கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் அடிக்குழாயைத் திறந்து நீரையெல்லாம் வடித்து, தொட்டியைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, மூடியைப் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஊதவில்லை, பம்பின் பிளக்கையும் கழற்றவில்லை. கண்ணுக்குத் தெரியும் நீர் எல்லாம் போய்விட்டது என்பதே என் கணக்கு. பனி உருகிய பிறகு நிரப்பினேன். ஒரு மணிநேரம் எந்தக் குறையும் தெரியவில்லை. ஜெட்டுகளைப் போட்டதும் பெட்டியின் ஒரு மூலையிலிருந்து நீர் கசியத் தொடங்கியது. திறந்து பார்த்தால் பம்பின் முன்பகுதி பிளந்திருந்தது. அதை மாற்றிய பிறகும் கசிவு நிற்கவில்லை.

என்னுடையது குழாய்களைச் சுற்றி முழுவதும் நுரை நிரப்பப்பட்ட தொட்டி. வெப்பத்தைக் காப்பதில் அந்த வகைக்கு நிகரில்லை. ஆனால் கசிவு எங்கே என்று தேடுவதற்கு அதைப்போல் கொடுமையானதும் இல்லை. நுரையைக் கைநிறைய அள்ளி அள்ளி எடுத்து, நனைந்த இடத்தைப் பின்தொடர்ந்து, கடைசியில் கிளைக்குழாய் ஒன்றில் மயிரிழை அளவு விரிசலைக் கண்டபோது மூன்று வார இறுதிகள் போயிருந்தன. பழுதுபார்க்க வந்தவர், வெளியே வராமல் உள்ளே தங்கியிருந்த நீர் மொத்தம் ஒரு வாளிகூட இருந்திருக்காது என்றார்.

இன்னொன்று. விரிசலுக்குள் பனிக்கட்டியே அடைப்பாக நின்றுகொள்வதால், உறைந்திருக்கும்வரை கசிவு தெரியாது. ஆகவே குளிர்காலத்தின் நடுவில் எட்டிப்பார்த்து எல்லாம் உலர்ந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

பதில்: பழைய மின்பணியாளர்

உறைபனிப் பாதுகாப்பு தானாக இயங்கும் என்று விற்பனை நிலையத்தில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. பெரும்பாலான தொட்டிகளில், வெப்பநிலையை அளக்கும் உணரி இருக்கும் இடத்து வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் கட்டுப்பாட்டுப் பலகை பம்புகளை ஓட்டத் தொடங்கும். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மின்சாரம் இருக்க வேண்டும். பம்பு ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அதோடு, உணரி தன் அருகிலுள்ள நீரைத்தான் அறியும். தொலைவிலுள்ள மூலைக் குழாயின் நிலை அதற்குத் தெரியாது.

ஊரெல்லாம் மின்தடை ஏற்படுவதைவிட, வீட்டிலுள்ள கசிவுமின் துண்டிப்பான் (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி) தானாக விழுந்துவிடுவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். ஹீட்டர் சுருளின் உறை அரித்துப்போயிருக்கலாம், நீரைச் சுத்திகரிக்கும் ஓசோன் கருவியில் ஈரம் புகுந்திருக்கலாம், பம்பின் மோட்டாரில் நீர் ஏறியிருக்கலாம். துண்டிப்பான் தன் கடமையைச் செய்கிறது. அது விழுந்த கணமே உறைபனிப் பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. அடிக்கடி விழுகிறதே என்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நீரில் மனிதர்கள் உட்காரும் கருவியில் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழுவதற்குக் காரணம் என்னவென்று தகுதியுள்ளவரைக் கொண்டு கண்டுபிடியுங்கள்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால் பதற வேண்டாம். 1,500 லிட்டர் நீர் 1 டிகிரி குளிர்வதற்கு ஏறத்தாழ 1.75 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்தை இழக்க வேண்டும். நல்ல மூடியோடு சராசரியாக 400 வாட் வீதம் வெப்பம் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், முழு நாளுக்கு 9.6 யூனிட், அதாவது ஒரு நாளில் ஐந்தரை டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் அந்தக் கணக்கைக் கெடுக்கும். ஆனால் நான் முன்பு சொன்னபடி, தொட்டி நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஓட்டமில்லாத ஓரக் குழாய் உறைந்துபோகலாம். ஆகவே, பெட்டியின் காற்றுத் துளைகளைப் போர்வையால் மூடிவையுங்கள். மின்சாரம் திரும்பியதும் மறக்காமல் அகற்றிவிடுங்கள், மோட்டாருக்குக் காற்று வேண்டும். மின்னாக்கி இருந்தால் பம்பை மட்டுமாவது அவ்வப்போது ஓட்டலாம். ஆனால் மின்னாக்கியை வெளியில், சன்னல்களிலிருந்து விலக்கி வையுங்கள், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசமில்லாமல் கொல்லும். பெட்டிக்குள் மெழுகுவத்தி, அடுப்பு போன்ற எதையும் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது நுரையும் பிளாஸ்டிக்கும்.

தடை நீண்டு, நீரின் வெப்பநிலை 10 டிகிரியை நெருங்குகிறது என்றால் அதற்கு மேல் காத்திருக்காமல் வடிக்கத் தொடங்கிவிட வேண்டும். வடிகுழாயே உறைந்த பிறகு வடிக்க முடியாது.

புதுவீடு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபில்டர்களை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். நீர் பாய்ந்த வேகத்தைக் கண்டு என் மனைவியே வெளியே வந்துவிட்டார். அந்த ஃபில்டர்களை நான் வாங்கிய நாளிலிருந்து தோட்டக்குழாயால் கழுவியதோடு சரி. மடிப்புகளுக்குள் பசைபோல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது. அன்றாடம் எட்டிப்பார்க்க ஆள் இல்லாததால், வடித்துவிட்டுப் போவதென்றே முடிவு செய்துவிட்டோம்.

பயணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள குளிர் வாரங்களைப் பற்றி ஒரு சந்தேகம். நாங்கள் வார இறுதியில் மட்டுமே குளிக்கிறோம். இடையிலுள்ள நாள்களில் 38 டிகிரியிலேயே வைத்திருப்பது சிக்கனமா, குறைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மீண்டும் ஏற்றுவது சிக்கனமா? மீண்டும் சூடேற்ற ஆகும் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டேன்.

பதில்: கணக்குப்பிள்ளை

அப்படித் தின்றுவிடாது. இந்தத் தவறான நம்பிக்கை எல்லா இடத்திலும் உலவுகிறது. வெப்ப இழப்பு, நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்றால், 38 டிகிரி நீருக்கு வேறுபாடு 48. அதையே 28 டிகிரியில் வைத்தால் வேறுபாடு 38. இழப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மீண்டும் 10 டிகிரி ஏற்ற 17.5 யூனிட் ஆகிறது என்பது உண்மைதான். ஆனால் அது குளிரும்போது ஹீட்டர் ஓடாததால் நீங்கள் செலவிடாமல் விட்ட அதே 17.5 யூனிட். அது இரு பக்கமும் கழிந்துவிடும். குறைந்த வெப்பத்தில் இருந்த நாள்களின் இழப்புக் குறைவு மட்டும் உங்களுக்கு மிச்சம்.

ஆனால், மிச்சம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. மேலே மின்பணியாளர் போட்ட கணக்கின்படி, நல்ல மூடியுள்ள தொட்டி 28 டிகிரிக்கு இறங்கவே இரண்டு நாள் ஆகிவிடும். 3 கிலோவாட் ஹீட்டரால் திரும்ப ஏற்ற ஏறத்தாழ ஆறு மணிநேரம் ஆகும், அந்த நேரத்திலும் இழப்பு நடக்கிறது என்பதால் ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை குறைத்துவைத்தால் சிறு மிச்சம் கிடைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: வெப்பநிலையைக் குறைத்தாலும் ஃபில்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கக் கூடாது.

உண்மையான மிச்சம் உங்கள் மூடியில் இருக்கிறது. கனத்துப்போன மூடி என்றால் உள்ளிருக்கும் தெர்மாகோல் பலகையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்து, நீராவி புகுந்து ஊறிவிட்டது என்று பொருள். தெர்மாகோல் வெப்பத்தைக் காப்பது அதன் நுண்ணறைகளில் காற்று இருப்பதால். அங்கே நீர் புகுந்த பிறகு அது காப்புப் பொருளே அல்ல. வெயிலில் காயவைத்து ஒப்பேற்றலாம் என்று பலர் முயல்கிறார்கள், நானும் முயன்றிருக்கிறேன். நன்றாக ஊறிய பலகை முழுதாகக் காய்வதே இல்லை, ஆகவே மாற்றிவிடுங்கள். மெல்லிய பனி பொழிந்த காலையில் போய்ப் பாருங்கள்: மூடியின் மேல் பனி உருகி ஈரமாக இருக்கும் இடமெல்லாம் உங்கள் மின்சாரம் வெளியேறும் இடம். பெரும்பாலும் நடுமடிப்பின் நெடுக ஒரு கோடு தெரியும். புதிய மூடி வாங்கும்போது அந்த மடிப்பின் உள்ளேயும் நீளவாக்கில் காப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீரின் மேலேயே மிதக்கும் குமிழ்த்தாள் விரிப்பு ஒன்றைப் போட்டால், ஆவி மூடிக்குள் ஏறுவது குறைந்து மூடியின் ஆயுளும் கூடும்.

மூடியின் மேல் சேரும் பனியை மென்மையான துடைப்பத்தால் தள்ளுங்கள். மண்வாரியால் சுரண்டினால் மேலுறை கிழியும். உறைந்துபோன பூட்டுகளை இழுத்துப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரைத் தெளித்து இளக்குங்கள். படிகளில் பனிக்கட்டி உருகுவதற்காக உப்புத் தூவுகிறீர்கள் என்றால் அது கால்களோடு தொட்டிக்குள் வந்துவிடும். மணல் போதும், குளிப்பதற்கு முன் கால்களைக் கழுவிக்கொள்ளுங்கள்.

பதில்: சோதனைப்பட்டை

பி.எச். பற்றி எவரும் பேசாததால் நான் சொல்கிறேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் ஜெட்டுகளில் காற்றைக் கலந்து ஓடவிடும்போது, நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. அது போகப்போக பி.எச். ஏறும். அமிலம் போட்டுக் குறைக்கிறீர்கள், மறுபடியும் காற்று, மறுபடியும் ஏற்றம். தொட்டியில் எவரும் இல்லாதபோது காற்றுக் குமிழ்களை மூடிவைத்தாலே பாதித் தொல்லை தீரும். மொத்தக் காரத்தன்மை (பி.எச். மாறாமல் தாங்கும் தன்மை) 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு, பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும் தொட்டியில் அதைக் கீழ் எல்லையை ஒட்டி வைத்திருப்பது உதவும். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்துவிட்டு, அது நிலைத்த பிறகே பி.எச்.ஐ 7.2 முதல் 7.8 வரைக்குள் கொண்டுவாருங்கள். மிகவும் தாழ்ந்தால் ஹீட்டரின் உலோகம் அரிக்கும், மிகவும் உயர்ந்தால் சுண்ணாம்பு படியும், குளோரினும் வலுவிழக்கும்.

கிருமிநாசினியைப் பொறுத்தவரை குளோரின் குறைந்தது 3 பி.பி.எம்., புரோமின் என்றால் குறைந்தது 4 பி.பி.எம். எப்போதும் இருக்க வேண்டும். குளிர்காலம்தானே, கிருமி எங்கே வளரப்போகிறது என்று சிலர் நினைப்பதுண்டு. கிருமிக்கு வெளியே பனி பெய்வது தெரியாது. அது இருப்பது வெதுவெதுப்பான நீரில். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா செழித்து வளர்வது 25 முதல் 45 டிகிரி வரையிலான நீரில்தான். தோலில் சிவந்த கொப்புளங்களை உண்டாக்கும் சூடோமோனாசும் கிருமிநாசினி தாழ்ந்த தொட்டிகளையே தேடிக்கொள்கிறது. ஆகவே வெப்பநிலையைக் குறைத்துவைக்கும் வாரத்திலும் இரண்டு மூன்று முறை சோதித்து அளவைக் காக்க வேண்டும்.

குளோரின் தூளில் ஒரு நுட்பம் உண்டு. டைக்குளோர் என்ற வகை 10 பி.பி.எம். குளோரினைத் தரும்போது ஏறத்தாழ 9 பி.பி.எம். சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகிறது. குளோரின் செலவாகிவிடும், அந்த அமிலம் அப்படியே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக்கூடக் குளோரின் இருந்தும் வேலை செய்யாத நிலை வரும். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நீரை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்காலம் முழுவதும் தொட்டியைப் பயன்படுத்துபவர்கள் முதல் உறைபனிக்கு முன்பே நீரை மாற்றிவிட்டால், கடுங்குளிரில் வடிக்கும் அவதி இருக்காது. ட்ரைகுளோர் வில்லைகளைத் தொட்டியில் போடாதீர்கள், அவை அமிலத்தன்மை மிகுந்தவை, அக்ரிலிக்கைக் கெடுக்கும். ஒருவகைக் குளோரினோடு இன்னொரு வகையை உலர்நிலையில் கலக்கவே கூடாது, தீப்பற்றும்.

மேலே மூடியைப் பற்றிப் பேசியவர் விட்டுவிட்ட ஒன்று: வாரந்தோறும் கூடுதல் அளவு குளோரின் போட்ட பிறகு அரை மணிநேரமாவது மூடியைத் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆவிதான் மூடியின் உள்ளுறையைத் தின்று கிழிக்கிறது.

உங்கள் ஃபில்டர்களை வெறும் நீரால் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்குப் போகாது. ஃபில்டருக்கான சுத்திகரிப்புத் திரவத்தில் ஓர் இரவு ஊறவையுங்கள். ஓராண்டைத் தாண்டியவை என்றால் மாற்றுவதே மேல்.

பதில்: காற்றடைத்த தொட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். காற்றடைக்கும் வகைத் தொட்டிக்கும் இதே முறைதானா?

பதில்: நீரோட்டம்

இல்லை. அந்த வகைத் தொட்டிகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வெளி வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழே போனால் பயன்படுத்தக் கூடாதென்றே சொல்கிறார்கள். வடித்து, நன்றாக உலர்த்தி, மடித்து, பம்புப் பெட்டியோடு வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

புதுவீடு:

நேற்று முழுநாளும் இதே வேலையாக இருந்தோம். ஊதும்போது வந்த நீரை என் மகன் வாளியில் பிடித்து அளந்தான். கண்ணுக்குத் தெரிந்த நீரெல்லாம் போன பிறகும் இரண்டு வாளிக்கு மேல் வந்தது. ஒருமுறைபட்டவன் அவர்களை நினைத்துக்கொண்டேன். பம்புகளின் பிளக்குகளையும் கழற்றிவிட்டேன். ஃபில்டர்களை உலர்த்தி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். பக்கப் பலகையைக் கழற்றியபோது நுரைக்குள் எலி ஒன்று கூடு கட்டத் தொடங்கியிருந்ததைக் கண்டேன், இது வழக்கம்தானா? பிளக்குகளை எங்கே வைப்பது நல்லது?

பதில்: பழைய மின்பணியாளர்

வழக்கம்தான், அவற்றுக்கு அதைவிடக் கதகதப்பான இடம் கிடைக்காது. கம்பிகளைக் கடித்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். அடித்தளத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளிகளை நெருக்கமான கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். காற்றுத் துளைகளை முழுவதுமாக மூடிவிடாதீர்கள்.

பிளக்குகளையும் அவற்றின் ரப்பர் வளையங்களையும் ஓர் உறையில் போட்டு ஃபில்டர் குழிக்குள்ளேயே கட்டிவையுங்கள். பிரேக்கர் பெட்டியின் மேல் "தொட்டி காலி, யூனியன்கள் தளர்வாக உள்ளன, பிளக்குகள் ஃபில்டர் குழியில்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு வாரம் கழித்துப் பயணக் களைப்போடு வந்து, நேராகத் தோட்டக்குழாயைத் தொட்டிக்குள் போட்டுத் திறந்துவிடுபவர் வேறு யாராகவும் இருக்கமாட்டார், நீங்களாகத்தான் இருப்பீர்கள்.